கேபிள் வந்த பிறகு பிறந்த பாட்டு

2006-ல் வந்த 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் வங்கதேசத்து ஜேம்ஸ் பாடிய 'பீகி பீகி'யை நான் முணுமுணுத்தாலே விடுதியின் வங்காளி அறைத்தோழனுக்குக் கோபம் வந்துவிடும். "அது எங்க மொஹினேர் கோராகுலி குழுவோட பாட்டுடா. எழுபதுகள்லயே போட்டது" என்பான். அந்த 'எழுபதுகள்லயே' எனக்குள் முள்ளாய்த் தங்கிவிட்டது. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் இப்படியொரு மெட்டா?

பின்னாளில் கல்கத்தா போனபோது, ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய இசைத்தட்டு விற்கும் பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். குழுவின் கதை அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது. நக்சல்பாரி இயக்கத்தில் இருந்து சிறை போய் வந்த கௌதம் சட்டோபாத்யாய், தம்பிகளையும் நண்பர்களையும் சேர்த்து ஏழு பேராய் எழுபதுகளின் நடுவில் தொடங்கியது. சப்தரிஷி, தீரந்தாஜ் என்று பெயரை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஜீவனானந்த தாஸ் கவிதையிலிருந்து 'மொஹினேர் கோராகுலி', அதாவது 'மொஹினின் குதிரைகள்' என்று வைத்துக்கொண்டது. பாவுல் நாட்டுப்பாட்டோடு கிட்டாரும் வயலினும் சாக்ஸஃபோனும். 1977 முதல் 1979 வரை மூன்று தட்டுகள். கேட்க ஆள் குறைவு. 1981-ல் கலைந்தார்கள்.

"அந்தப் பாட்டு எந்தத் தட்டில்?"

"முதல் தட்டில்."

மூன்று தட்டுகளின் பாட்டுப் பட்டியலையும் அவர் முன்னால் விரித்தேன். எதிலும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "பட்டியல் தப்பு. என் கையால் விற்றிருக்கிறேன்." மறுநாள் போனால், "யோசித்தேன், இரண்டாவது தட்டு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். பட்டியலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிரவு வங்க மூலத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு வங்கம் அரைகுறை. ஆனால் முதல் வரிகளிலேயே சாட்டிலைட், கேபிள் என்ற இரண்டு சொற்கள் காதில் தெளிவாக விழுந்தன. உலகம் சுருங்கிச் சுருங்கி வரவேற்பறைப் பெட்டிக்குள் அடைபட்டதைப் பற்றிய பாட்டு அது! நம் வீடுகளில் சாட்டிலைட் சேனல்களோடு கேபிள் பரவியதே 1991-க்குப் பிறகுதான். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் வழி நேராக இருந்தது. 1995 கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வெளியான 'ஆபார் பொச்சோர் குரி போரே' தொகுப்பில் இருக்கிறது அந்தப் பாட்டு. என்னை அசத்தியது வேறொன்று. பழைய தட்டுகள் கிடைக்காமல் இளைஞர்கள் தேடி அலைந்த நேரம் அது. கௌதம் அவற்றை மறுபதிப்பு செய்து பெயர் வாங்கியிருக்கலாம். அவரோ புதுப் பிள்ளைகளைப் பாடவைத்து, 'மொஹினேர் கோராகுலி தொகுத்த வங்கப் பாடல்கள்' என்று வெளியிட்டார். பத்திரிகை ஆசிரியர் செய்கிற வேலையை ஓர் இசைக்குழு செய்தது. அப்படி மொத்தம் நான்கு தொகுப்புகள். 1999 ஜூனில் கௌதம் மறைந்துவிட்டார்.

பாட்டை எழுபதுகளுக்குத் தள்ளிவிட்டால் குழுவின் இந்த இரண்டாவது ஆயுள் முழுக்கக் காணாமல் போகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது நான் தேடுவது அந்த நான்கு தொகுப்புகளில் பாடிய பிள்ளைகளை.