சாட்சி சொல்லும் தொழில்



மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்ததும் என் சகோதரியின் மகன் உத்தமபாளையத்திலிருந்து என்னைத் தேடி வந்தான். கையில் ஓர் அறிக்கை வைத்திருந்தான். முகத்தில் கவலை தெரிந்தது. “மாமா, இதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் எனக்கு மீதிப் பணம் கிடைக்கும். எடுக்கலாமா?” என்று கேட்டான்.

தொண்டு நிறுவனமொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிய அவன், அவ்வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தான். ஒரு நலத்திட்டம் மக்களுக்கு உண்மையில் பயன் தந்ததா என்று நேரில் ஆராய்ந்து சொல்வதே அத்தொழில். திராட்சையும் ஏலக்காயும் நெல்லும் அறிந்த எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் உறவினர் பலருக்கு அது விளங்கவில்லை. “கணக்குப் பார்க்கிற வேலையா?” என்றே கேட்டனர்.

அத்தொழிலுக்கு இடமளிப்பது ஒரு சட்டம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அவ்வாறு ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிடக் கடமைப்பட்டவை, 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபின், அதன் விளைவைச் சுதந்திரமான அமைப்பொன்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021இல் விதி வந்தது.

ஆயினும் பெரிய வேலைகள் இவனைத் தேடி வரவில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவைச் செய்துகொண்டு, சென்னை நிறுவனமொன்றுக்குக் களப்பணி செய்து கொடுத்துத் தொடங்கினான். பிறகுதான் ஓர் அறக்கட்டளை அவனை நேரடியாக அழைத்தது. அவன் கையிலிருந்தது அந்த அறிக்கைதான்.

அந்த அறக்கட்டளை எங்கள் பகுதிப் பெண்களுக்கு 40 தையல் இயந்திரங்கள் வழங்கியிருந்தது. வழங்கியவை 40, பயிற்சி பெற்றோர் 40 என்று பதிவேடு சொன்னது. இவனோ பதிவேட்டோடு நில்லாமல் 40 வீடுகளுக்கும் சென்றான். பெரும்பாலான இயந்திரங்கள் துணி போர்த்தி மூலையில் கிடந்தன, சில விற்கப்பட்டிருந்தன. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் பெண்கள் மாலையில் களைத்துத் திரும்புகின்றனர். தைப்பதற்கு வேலை கொண்டுவந்து தருவாரும் இல்லை. இதை எழுதிய பக்கத்தைத்தான் எடுத்துவிடச் சொன்னார்கள்.

நான் முஃப்தி அல்லன், மக்தபில் ஓதிக்கொடுப்பவன். எனவே தீர்ப்புச் சொல்லாமல், புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினேன். கூஃபாவின் ஆளுநராயிருந்த ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களைப் பற்றிப் புகார் வந்தபோது, அவர்கள் சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர் என்பதற்காகக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விசாரணையை விட்டுவிடவில்லை. ஆளனுப்பி, பள்ளிவாசல் பள்ளிவாசலாக மக்களிடம் கேட்கச் செய்தார்கள். எல்லா இடத்திலும் புகழ்ச்சியே கிடைத்தது. ஒரே ஒரு பள்ளியில் ஒருவர் மட்டும் குறை சொன்னார். அந்தக் குறையும் மறைக்கப்படவில்லை. அதனால்தான் அது இன்று நம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

“அந்தச் சட்டத்தின் 135ஆம் பிரிவு உனக்குத் தொழில் தந்தது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தையும் எடுத்துப் பார்” என்றேன். நமக்கே பாதகமாயினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதியோடு சாட்சி சொல்ல வேண்டும் என்று பணிக்கும் வசனம் அது.

அவன் அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை. மீதிப் பணமும் வரவில்லை. அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டில் புத்தாடை பிள்ளைகளுக்கு மட்டுமே. உண்மை சொன்னவனுக்கு உடனே கதவுகள் திறந்தன என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை.

ஆனால் அந்த இழப்பிலிருந்து அவன் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டான். பாதிக் கட்டணம் முன்பணமாக வராமல் களத்தில் இறங்குவதில்லை. வரைவைக் காட்டுவான், தகவல் பிழையிருந்தால் திருத்துவான், முடிவைத் திருத்தமாட்டான். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறான். ஒருவரையே நம்பி ஆண்டை ஓட்டினால் அவருக்கு அஞ்ச நேரிடும் என்பதால், சிறிதாயினும் மூன்று நான்கு இடங்களில் வேலை வைத்துக்கொள்கிறான். பணம் வரும்போதெல்லாம் வேலையில்லாத மாதங்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குகிறான். குறை சொல்லும் பக்கத்தை அடுத்து, அதைத் தீர்க்கும் வழி சொல்லும் பக்கமொன்றையும் சேர்க்கிறான். அல்ஹம்துலில்லாஹ், அவன் குடும்பம் இன்று கடனின்றி வாழ்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் மக்தபையும் பார்த்துச் சொல்லுமாறு அவனை அழைத்தேன். “மாமாவை நான் மதிப்பிட்டால் யார் நம்புவார்கள்?” என்று மறுத்து, போடியிலிருந்து இதே தொழில் செய்யும் நண்பர் ஒருவரை அனுப்பினான். அவர் என் வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். 2005 முதல் பிரதம் அமைப்பின் அசர் ஆய்வில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறார்களே, அதுபோலவே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி, அது ஓதிப் பழகாத பக்கத்திலிருந்து ஒரு வரியைக் காட்டினார். மனப்பாடமான சூராக்களை மழைபோல் ஓதிய பிள்ளைகளில் பலர் அந்த வரியில் எழுத்துக் கூட்ட முடியாமல் நின்றனர். காதால் கேட்டதைத்தான் இத்தனை காலம் அவர்கள் ஒப்பித்திருக்கிறார்கள்.

அந்த அறிக்கையை ஜமாஅத் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுமுன், ‘இந்தப் பக்கம் மட்டும் இல்லாதிருந்தால்?’ என்று என் மனமும் கேட்டது. அந்த அறக்கட்டளையினரை அன்றுதான் நான் புரிந்துகொண்டேன். அவர்களும் கெட்டவர்கள் அல்லர், என்னைப்போல் வெட்கப்பட்டவர்கள்.

அந்தப் பக்கத்தை நானே எழுந்து நின்று வாசித்தேன். இப்போது வாரத்தில் ஒரு நாள், ஓதாத பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம்.

நமக்குப் பாதகமான சாட்சியத்தையும் பொறுமையோடு கேட்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.