டிராயரில் தூங்கிய காசோலைகள்

வங்கி கவுண்டரில் உட்கார்ந்து நான் சொன்ன பொய்களில் அதிகம் சொன்னது, "செக் தபாலில் இருக்கு" என்பது. பல தடவை அது என் மேசை டிராயரில்தான் இருந்தது. வெளியூர்க் காசோலை ஒவ்வொன்றையும் ரெஜிஸ்டரில் பதிந்து, ஷெட்யூல் எழுதி, கவரில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். ஒன்றிரண்டுக்கு யார் மெனக்கெடுவது என்று சேர்த்து வைத்து, வாரக் கடைசியில் கட்டாக அனுப்புவேன். திருச்சி செக் ஒன்றுக்காக அரிசிக்கடைக்காரர் ஒருவர் நடையாய் நடந்தார். "தபால் லேட்டு அண்ணாச்சி" என்றேன். பாவம், தபால்காரரைத் திட்டிவிட்டுப் போனார்.

காசோலையை வாங்கிய வங்கியிலேயே நிறுத்திவிட்டு, அதன் படத்தையும் அடியிலுள்ள காந்த மை எண்களையும் மட்டும் அனுப்பும் சி.டி.எஸ். முறை 2008இல் டெல்லியிலும் 2011 செப்டம்பரில் சென்னையிலும் வந்தது. டீக்கடையில் நான்தான் உரக்க எதிர்த்தேன். "போட்டோவைப் பார்த்துப் பணம் கொடுக்கிறதா? நீரெழுத்து அதில் தெரியுமா?" தெரியாதுதான். அதனால்தான், காசோலையை வாங்கும் வங்கி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும், புற ஊதா விளக்கின் கீழ் வங்கிச் சின்னம் ஒளிர்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். படத்தைக் கொண்டு பணம் கொடுக்க 2002லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. இதெல்லாம் தெரிந்தேதான் பேசினேன். ஸ்கேனர் நேரத்தைப் பதிந்துவிடும் என்பதுதான் என் பயம்.

வங்கிக்கு லாபம் நிறையவே. கூரியர் செலவு இல்லை, வழியில் தொலைந்த செக்குக்குப் பதில் சொல்லும் தலைவலி இல்லை. தகராறு வந்தால் பழைய காசோலையைத் தேடிக் கரையான் அரித்த மூட்டைகளைப் பிரிக்க வேண்டாம், திரையிலேயே பார்க்கலாம். என்னைப் போன்றவர்கள் ஒளிய இடமில்லாமல் போனதைத்தான் நான் பெரிய லாபமாகச் சொல்வேன். என்ன, எந்த அறிக்கையிலும் அதை எழுத மாட்டார்கள்.

2025 அக்டோபர் 4 முதல், பகலில் வரும் காசோலைகளை அவ்வப்போதே ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். பணம் கொடுக்கவேண்டிய வங்கி இரவு 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆக, ஊழியரின் சோம்பலுக்கு இப்போது வங்கியே விலை கொடுக்கும். அன்று அதை அரிசிக்கடைக்காரர் கொடுத்தார்.

காலையில் கவுண்டரில் கொடுத்த செக்குக்கு மறுநாளும் பணம் ஏறவில்லையா? கூச்சப்படாமல் மேலாளரிடம் போய்க் காரணம் கேளுங்கள்.