கடைமடைக்கு வராத பந்து

இலக்கியத்துக்கு என்னவோ கோல்கீப்பர்களைத்தான் பிடித்திருக்கிறது. காம்யு இளமையில் அல்ஜியர்ஸில் கோல் காத்தவர். நபக்கோவ் கேம்பிரிட்ஜில் கோல் காத்தார், தன்வரலாற்றில் அதை ஆசையோடு எழுதியும் வைத்தார். பீட்டர் ஹண்ட்கே 1970-ல் எழுதிய நாவலின் தலைப்பிலேயே பெனால்டியை எதிர்கொள்ளும் கோல்கீப்பரின் பதற்றம் இருக்கிறது. மறுமுனையில் நிற்பவனைப் பற்றி, வாரக்கணக்கில் ஒரு கோல்கூட அடிக்கமுடியாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கும் முன்கள ஆட்டக்காரனைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நாங்களும் எழுதியிருக்க மாட்டோம். அப்படி ஒருவனை நாங்கள் வாய்க்கு வந்தபடி வைதிருக்காவிட்டால்.

'நாங்கள்' என்பது நான்கு பேர். புத்தகம் பேசுவதற்காகச் சேர்ந்த கூட்டம். கோவை நேரு ஸ்டேடியத்துக்குச் சென்னை சிட்டி எஃப்.சி. குடிவந்த பிறகு பந்தும் பேசத் தொடங்கினோம். சென்னையின் பெயரைச் சுமந்த அணி கோவையில் ஆடியதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஆனால் 2018-19 ஐ-லீக் பருவம் தொடங்கிய சில வாரங்களில் அதை எல்லோரும் மறந்துவிட்டோம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ ரோட்ரிகெஸ் ஆகியோருக்கு முன்னால் பெத்ரோ மான்சி. முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக மான்சி மூன்று கோல் அடித்தார். பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையில் நின்றார்.

2019 மார்ச் 9 மறக்கக்கூடிய நாளல்ல. மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்துடன் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் வென்று நாம் சறுக்கினால் பட்டம் கல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பிறகு இரண்டு கோல்களை அடித்தவர் கௌரவ் போரா. அவர் பின்கள ஆட்டக்காரர். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை கோவையில் தங்கியது. அன்று நாங்கள் போட்ட கூச்சலில் மறுநாள் நால்வருக்கும் தொண்டை இல்லை.

அடுத்த பருவத்தில் நாங்கள் பார்த்தது வேறொரு அணி. நெஸ்தோர் ஹைதராபாத்துக்குப் போய்விட்டார். 2020 ஜனவரியில் மான்சியும் ஜப்பானின் ஆல்பிரெக்ஸ் நிகாத்தாவுக்குக் கிளம்பிவிட்டார். போனவர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. முதல் ஆண்டில் இவர்களை யாருக்கும் தெரியாது. இரண்டாம் ஆண்டில் வந்த அணிகளெல்லாம் சாம்பியனோடு ஆடுகிறோம் என்ற எச்சரிக்கையோடு தம் கோல் முனையில் கூட்டமாக நின்றுகொண்டன. பந்து எங்கள் பின்களத்தில் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் போய்க்கொண்டே இருந்தது. தறியில் நாடா ஓடும், துணி மட்டும் வளராது என்பதுபோல.

அப்படியொரு மாலையில்தான் முன்னால் நின்ற அந்த இளைஞனை (பெயர் வேண்டாம்) வையத் தொடங்கினோம். அவன் தவறவிட்டது ஒரே ஒரு வாய்ப்பு. மற்ற நேரமெல்லாம் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே கையை உயர்த்திப் பந்து கேட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பின்வரிசையில் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "ஏனுங் தம்பி, அந்தப் பையனைப் போட்டு வையறீங்க? தலைமடைலயே தண்ணிய நிறுத்திக்கிட்டா கடைமடைக்காரன் எங்கீங்க வெள்ளாமை வெப்பான்?"

கொங்குநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் திருமூர்த்தி அணையிலிருந்து நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். கால்வாயின் கடைசியில் இருப்பது வெள்ளகோவில் பகுதி. உரிய தண்ணீர் வந்துசேரவில்லை என்று அங்குள்ள விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். பெரியவர் உவமை சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார்.

அதன்பிறகு நாங்கள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த இளைஞனை மட்டும் பார்த்தோம். பத்து நிமிடம் பந்து வராதபோது அவன் பொறுமையிழந்து நடுவட்டம்வரை இறங்கி வந்தான். அங்கே பந்து கிடைத்தது. வாங்கித் திரும்பியபோது கோல் முனையில் நம் ஆள் ஒருவரும் இல்லை, இருக்கவேண்டியவன் அவன்தானே. மறுபடி மேலே ஓடினான், மறுபடி பந்து நின்றது. மான்சி இறங்கி வந்த நாட்களில் அவர் காலிசெய்த இடத்துக்குள் நெஸ்தோர் பாய்வார். இப்போது பாய்வதற்கு ஆளில்லை. பக்கவாட்டிலிருந்து உயரப் பந்துகள் வந்தன, தூரத்திலிருந்து பொறுமையற்ற உதைகள் பறந்தன. புள்ளிவிவரத்தில் இவையும் 'முயற்சிகள்' என்றே பதிவாகும்.

பெரியவரின் விளக்கத்தை நாங்கள் கொஞ்சகாலம் வேதமாகவே வைத்திருந்தோம். அதை 2020-21 ஐ.எஸ்.எல். பருவம் ஆட்டம் காணச் செய்தது. கொரோனாவால் எல்லா ஆட்டங்களும் கோவாவில் ஆளில்லாத அரங்கங்களில் நடந்தன. சென்னையின் எஃப்.சி.க்காக எங்கள் கோவைச் சாம்பியன் அணியில் இருந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் ஆடியதால் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்தோம். முந்தைய பருவத்தில் அந்த அணிக்காக 15 கோல் அடித்த நெரியுஸ் வால்ஸ்கிஸ் பயிற்சியாளர் ஓவன் கோய்லோடு ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்தார். பந்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ரஃபேல் கிரிவெல்லாரோ நடுவில் காயமடைந்தார். 20 ஆட்டங்களில் 17 கோல், 11 ஆட்டங்கள் சமன். ஆனால் அங்கே தண்ணீர் வராமல் இல்லை. வாய்ப்புகள் உருவாயின, கோலுக்கு முன்னால் வீணாயின. கடைமடைவரை வந்த தண்ணீரில் விதைக்கத் தெரிந்தவர் இல்லை.

ஏன் இல்லை? 2014-ல் தொடங்கி 2024-25 வரை பதினோரு ஐ.எஸ்.எல். பருவங்களில் அதிகக் கோல் அடித்தவருக்கான பரிசை ஓர் இந்தியர்கூட வாங்கியதில்லை. களத்தில் இருக்கக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கையை 2021-22-லிருந்து நான்காகக் குறைத்த பின்னும் கிளப்புகள் முதலில் நிரப்பியது பெரும்பாலும் முன்கள இடத்தைத்தான். வியாபாரமாகப் பார்த்தால் தவறில்லை. நாங்களும் மான்சியைக் கொண்டாடியவர்கள்தானே. ஆனால் நம் பையன்கள் விளிம்பில் ஓடக் கற்கிறார்கள், பந்தைப் பறிக்கக் கற்கிறார்கள். கோலுக்கு ஆறு கஜத்தில், முதுகில் ஒருவன் சாய்ந்திருக்க, அரை நொடியில் முடிவெடுக்கும் வேலை குத்தகைக்கு விடப்பட்டுவிட்டது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளோடும் இந்தியா தோற்றது. அடித்த கோல் ஒன்றுமில்லை.

சென்னை சிட்டியின் கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது. 2019-20 பருவம் கொரோனாவால் பாதியில் நின்றது, அடுத்தது வங்காளத்தில் நடந்தது, 2021-22 ஐ-லீக்கில் அந்த அணி இல்லவே இல்லை. கோப்பையை வென்ற மூன்றாவது ஆண்டில் பார்க்க எங்களுக்கு ஆட்டம் கிடையாது. வையவும் ஆள் கிடையாது.

போன மாதம் ஒரு திருமணத்துக்காக நால்வரும் வெள்ளகோவில் போயிருந்தோம். கால்வாய்க் கரையில் வண்டியை நிறுத்திப் பெரியவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த இளைஞனின் முகமும் எங்களில் இருவருக்கு நினைவில்லை, சட்டையின் பின்னால் இருந்த எண் மட்டும் நால்வருக்கும் நினைவிருக்கிறது. கால்வாயில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.