ஃபிரிட்ஜில் ஓர் இடம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ ஆவடியிலோ ஒரு பிரியாணிக் கடை வாசலில் நின்று பாருங்கள். பார்சல் கைக்கு வந்ததும் அடுத்த குரல் பக்கத்துப் பெட்டிக்கடைக்குத்தான். "அண்ணாச்சி, பொவண்டோ கூலிங்கா இருக்கா?" குடித்தால் பிரியாணி சீக்கிரம் செரிக்கும் என்பது பலருக்கு நம்பிக்கை. ஏப்பம் வருவது காஸால், சர்க்கரை சர்க்கரைதான்!

அந்தத் திராட்சை வாசனைக்கு வயது அதிகம். 1916-ல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் சரக்கு இது. அந்தக் காலத்தில் சோடா என்றால் கோலி சோடா. ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1870-களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் காஸே கோலிக்குண்டை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். மூடிச் செலவு கிடையாது, காலி பாட்டிலும் திரும்பி வந்துவிடும். சிறு முதல் போட்டவர்களுக்குத் தோதான தொழில். பொவண்டோ வந்தது பிறகு, 1950-களின் கடைசியில்.

1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது, 1993-ல் திரும்பியது. வந்த கையோடு தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் மூன்றையும் வாங்கிவிட்டது. ஆரஞ்சு நிறக் கோல்ட் ஸ்பாட்டை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. பொவண்டோ மட்டும் எப்படித் தப்பியது? சுவை ஒரு காரணம். விடாமல் அதை வாங்கி வைத்த பெட்டிக்கடைகள் இன்னொரு காரணம்.

வாங்கி வைப்பது சுலபமில்லை. எஸ்டேட் போகும் வழியில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்குப் பெரிய கம்பெனி ஒன்று ஃபிரிட்ஜை இலவசமாகக் கொடுத்தது. கரண்டு பில் அவருடையது. உள்ளே நிற்கும் பாட்டில் அவர்களுடையதாக மட்டும் இருக்க வேண்டும். பொவண்டோவை அவர் ஐஸ் பெட்டியில் போட்டு விற்றார். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கே" என்று நகர்ந்துவிடுவார்கள்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதன் சூட்டோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. வீட்டுக்காரம்மாவின் வளையல் இரண்டு அந்த வாரம் அடகுக்குப் போயின. கடைக்குச் சொந்தமாக ஒரு பழைய ஃபிரிட்ஜ் வந்தது.

"ஊர்ப் பாசமா அண்ணாச்சி?" என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னது, "பாசம் இருக்குதான். ஆனா என் கடையில எதை எங்க வைக்கணும்னு இன்னொருத்தன் வந்து சொல்லுறானேய்யா!"

சில மாதத்தில் வேகம் தணிந்தது. வெளிநாட்டு பாட்டில்கள் எல்லாக் கடைக்கும் திரும்பின, அவர் கடைக்கும்தான். இப்போது அவை கீழ்த்தட்டில் நிற்கின்றன. கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் பொவண்டோ. வளையல்களை மீட்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த அம்மாவுக்கோ பொவண்டோ பிடிக்காது. அவர் குடிப்பது பன்னீர் சோடா.