சீனி குறைந்த காலைகள்

கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஓர் அம்மாவை நான் ஒருமுறை பாராட்டினேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு உளவளத்துணை வழங்கும் வேலையில் நான் சேர்ந்த புதிது. சமூகவியல் படித்த எனக்கு, விளக்கிச் சொன்னால் மக்கள் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை நிறையவே இருந்தது. சோற்றைக் குறையுங்கள், மாச்சாப்பாட்டைக் குறையுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது மெலிந்திருந்தார். கிளினிக் கொப்பியிலும் சீனியின் அளவு இறங்கியிருந்தது. "கெட்டிக்காரி அம்மா நீங்க" என்றேன்.

மருமகள்தான் வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், மாமிக்கு இப்ப காலையில என்னமோ செய்யுது. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, கணக்கும் பிழைக்குது. நேத்து கடைக்காரப் பையனோட சும்மா சண்டை. வயசு போயிட்டுன்னு இவர் சொல்றார்."

திரும்பி உள்ளே போனேன். காலையில் எழும்பியதிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மூன்றரை மணிக்கு எழும்புவார். மறந்துவிடக்கூடாதென்று நாலு மணிக்கே குளிசையைப் போட்டுவிடுவார். மா குழைத்து, பிழிந்து, அவித்து, கடைசிப் பார்சல் போக ஒன்பது மணியாகும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. முன்பென்றால் இடையில் சீனி போட்ட தேத்தண்ணியும் உடைந்த இடியப்பம் ஒன்றிரண்டும் வாய்க்குள் போகும். நான் சொன்ன பிறகு அதையும் விட்டுவிட்டார்.

"நீங்கதானே மிஸ் குறைக்கச் சொன்னீங்க."

கிளிக்ளசைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம், தடுமாற்றம் எல்லாம் வரலாம். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். நீரிழிவுக்காரருக்குச் சீனியா என்று வீட்டார் தயங்கி நிற்கும் நிமிடங்கள்தான் ஆபத்தானவை. அந்தத் தயக்கத்துக்கு நாங்களும் பொறுப்பு. சீனி கூடுவதைப் பற்றியே பேசிப் பேசி, குறைவதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

2005-2006இல் நடந்த நாடளாவிய ஆய்வில், இலங்கையில் வளர்ந்தவர்களில் 100 பேருக்கு 10 பேரளவில் நீரிழிவு இருந்தது. நகரங்களில் அது 16. அதன்பின் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்படியென்றால், காலையில் குளிசையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குச் சமைத்து முடித்துக் கடைசியாகச் சாப்பிடும் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மறைப்பதும் ஒன்றிருக்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு லண்டன் மகள் குளுக்கோமீற்றர் அனுப்பியிருக்கிறாள். ஸ்ட்ரிப் முடிந்து மாதக்கணக்காகிறது. மகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "120" என்பார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. "சொன்னால் அவள் அங்க கிடந்து பயப்பிடுவாள், பிள்ளை" என்றார். நான் ஏசவில்லை. மகளோடு பேசும்போது பக்கத்தில் இருக்கட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசிக்கிறார்.

கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு வைத்தியர் குளிசை நேரத்தை மாற்றிக் கொடுத்தார். இப்போது முதல் தட்டு இறங்கியதும் மருமகள் இரண்டு இடியப்பமும் பருப்பும் போட்டு, குளிசையையும் பக்கத்தில் வைக்கிறாள். "விக்கிற சாமான்ல முதல்ல நான் வாய் வைக்கிறதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் சாப்பிடுகிறார்.