மேல மழை எப்படி?

ராத்திரி பதினோரு மணிக்கு சேலத்துல இருந்து சித்தி போன்.

"டேய், மேல மழை எப்படிடா?"

நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கிடையாது.

சித்தி வீடு திருமணிமுத்தாறு ஓரம். ஆறு பிறக்கறது எங்க சேர்வராயன் மலையில. இங்க கொட்டினா அங்க தெருவுல ஓடும்.

ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன்.
சில்வர் ஓக் இலையில இருந்து காப்பிச் செடி மேல சொட்டிட்டே இருக்கு. ஓடைத் தண்ணி டீ கலர்ல.

"கீழ இருக்கற சாமானெல்லாம் கட்டில் மேல ஏத்துங்க சித்தி."

2015 டிசம்பர் 1. அப்ப நான் சென்னை சைதாப்பேட்டையில.
செம்பரம்பாக்கம் ஏரியில விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாச்சாம்னு பேச்சு. அடையாறு வாசப்படி ஏறினப்போ நான் தூக்கிட்டு மாடிக்கு ஓடினது சர்டிபிகேட் இல்ல.
மிக்ஸி. அதுவும் ஜார் இல்லாம.

அப்ப எடுத்த முடிவுதான் இந்த ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறியா வெள்ளம் வந்துடும்!

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் வந்துச்சு. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைப்பு. பால் இல்லாம வரக்காப்பி குடிச்சுட்டு உக்காந்திருந்தப்போ பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னாரு:

"இங்க வெள்ளம் வராதுங்க தம்பி. இங்கிருந்துதான் போகும்."

சித்தி மறுபடியும் கூப்பிடறாங்க.
மழை விட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா ஓடைச் சத்தம் குறையல.

தூங்குங்கன்னு சொல்லட்டுமா, முழிச்சிருங்கன்னு சொல்லட்டுமா?