மண்டு என்றொரு குட்டி

"அம்மா, குட்டிக்கு மண்டுன்னு பேரு வைக்கப் போறேன்" என்றாள் எட்டாவது படிக்கும் என் மகள்.

"வாயில்லா ஜீவனைப் போயி மண்டுன்னு ஏசுவாகளாடி?" என்று முந்திக்கொண்டார் என் மாமியார்.

கைப்பேசியில் கொரியத் தொடர் பார்த்து வந்த வினை இது. அங்கே மண்டு என்றால், மாவுக்குள் காய்கறியோ கறியோ வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் பலகாரமாம். வெயிலுகந்த விநாயகர் குடியிருக்கும் உப்பூரில் இதற்கு விளக்கம் வேண்டுமா, என்ன? "நம்ம காரக் கொழுக்கட்டைதான் அத்தை" என்றேன்.

கொரியாவில் வீட்டுப் பிராணிகளுக்குச் சாப்பாட்டுப் பெயர் வைப்பது சகஜமாம். துபு என்றால் சோயா பன்னீர், போரி என்றால் வாற்கோதுமை, கோங் என்றால் பயறு. அப்படி வைத்தால் நெடுநாள் உயிரோடு இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இதைச் சொல்லும்போது மகளின் குரல் கம்மியது. போன வருஷம் வளர்த்த குட்டி, வாந்தியும் ரத்தபேதியுமாக இரண்டே நாளில் போய்விட்டது. 'பார்வோ' என்றார் மருத்துவர். 'தெருக்குட்டிக்கு எதுக்கு ஊசி' என்று தள்ளிப்போட்டவள் நான்தான். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

மாமியார் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவர் பெயரிலேயே 'குப்பை' இருக்கிறது, சகோதரிகளே! மூத்தது இரண்டும் தொட்டிலிலேயே போய்விட, மூன்றாவதாகப் பிறந்த இவரைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, பக்கத்து வீட்டம்மாளிடம் தவிட்டுக்கு வாங்கினதாகப் பாவனை செய்து அந்தப் பெயரை வைத்தார்களாம். "வேண்டாத பிள்ளைன்னு எமன் தாண்டிப் போயிருவானாம்" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் போட நான் முகம் சுளித்தவள்.

கொரியாவிலும் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு இப்படித் தாழ்ந்த பெயர் வைத்திருக்கிறார்கள். 1897-ல் பேரரசரான கோஜோங்குக்கே சிறு வயதுப் பெயர் 'நாய்ப்பீ' என்ற அர்த்தத்தில்தானாம்! அதைக் கேட்டதும்தான் மாமியார் சிரித்தார். "அதுக்கு என் பேரு தேவலை."

பெயர் இருக்கட்டும், இந்தத் தடவை ஊசியை விடவில்லை. ஆறிலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறாவது வாரம் வரை. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்க்கு ஊசி தனி. பார்வோ கிருமி மாதக்கணக்கில் தரையில் கிடக்குமாம். அதனால் குட்டி வருமுன்பே பழைய சாக்கை எரித்து, திண்ணையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினேன். பலகாரப் பெயர் வைத்தாயிற்று என்று பலகாரத்தை ஊட்டிவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

மாமியார் மட்டும் இன்றுவரை மண்டு என்று கூப்பிடுவதில்லை. "ஏ கொழுக்கட்டை, இங்கிட்டு வா" என்கிறார். அது இரண்டுக்கும் ஓடி வருகிறது. காலண்டரில் வரும் வெள்ளிக்கிழமைக்குக் கீழே மகள் எழுதி வைத்திருக்கிறாள்: 'மண்டுவுக்கு மூணாவது ஊசி'.